பைலட் பயிற்சி: எந்த நாட்டில் படிப்பது, எப்படி ஒப்பிடுவது? தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

"பையன் பைலட் ஆகணும்ங்கிறான். சவுத் ஆப்பிரிக்காவில் செலவு கம்மின்னு சொல்றாங்களே, உண்மையா தம்பி?" டர்பனில் இருக்கும் எனக்குத் திருச்சி, கோவைப் பக்கமிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் என்று இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கேட்பது வேறு: "இங்கே லைசென்ஸ் எடுத்துட்டு துபாய், அமெரிக்கான்னு போக முடியுமா அண்ணா?" இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பறந்த மணி நேரம் எந்த நாட்டுக்கும் உங்களோடு வரும். லைசென்ஸ் வராது.

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கைதான் இதற்கு மூலம். அதிலிருந்து பிறந்த ஐகாவோ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் இன்று 193 நாடுகள் இருக்கின்றன. விமானிக்குக் குறைந்தபட்சம் என்ன தெரிந்திருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பதை அதன் முதலாம் இணைப்பு சொல்கிறது. அது அடிமட்டக் கோடு மட்டுமே. ஒவ்வொரு நாடும் அதற்கு மேல் கூட்டிக்கொள்ளலாம். மாறுபட்டு நடந்தால் ஐகாவோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு, வெளிநாடு செல்லும் விமானத்தை ஓட்டுபவரிடம் அந்த விமானம் பதிவான நாடு கொடுத்த அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட லைசென்ஸ் இருக்க வேண்டும் என்கிறது. வாலில் விடி என்றிருந்தால் இந்தியா, இசட்எஸ் என்றால் தென்னாப்பிரிக்கா, என் என்றால் அமெரிக்கா. உங்கள் லைசென்ஸ் அந்த எழுத்தோடு பொருந்த வேண்டும்.

ஆகவே ஒப்பீட்டைக் கட்டணப் பட்டியலிலிருந்து தொடங்காமல், கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

படி 1: எங்கே சம்பளம் வாங்கப் போகிறீர்கள்?

இதை ஒரு தாளில் எழுதுங்கள். "எங்கே கிடைச்சாலும் சரி" என்று எழுதினால் பயிற்சி முடிந்த பிறகு இன்னும் ஒரு வருடச் செலவை இப்போதே ஒப்புக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம்.

இந்தியாவில் 200 மணி நேரத்தோடு கமர்ஷியல் லைசென்ஸ், அதன்மேல் ஏர்பஸ் 320 போன்ற ஒரு ரகத்துக்கான டைப் ரேட்டிங் என்று நேரடியாகப் பெரிய விமானத்தின் துணை விமானி இருக்கைக்குப் போக முடிகிறது. அமெரிக்காவில் அந்த வழி அடைபட்டுவிட்டது. 2009இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்த பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானிக்கும் ஏடிபி என்ற விமான நிறுவன விமானிக்கான மேல்நிலைச் சான்று வேண்டும். அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம். கல்லூரிப் படிப்பு, ராணுவப் பின்னணி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. அங்கே 250 மணி நேரத்தோடு கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்து நிற்கும் வெளிநாட்டு மாணவருக்கு வேலை செய்யும் உரிமை இல்லையென்றால், மீதி 1,250 மணி நேரத்தை எங்கே சேர்ப்பது என்ற கேள்விக்கு எந்தப் பள்ளியின் விளம்பரத்திலும் பதில் இருக்காது.

தென்னாப்பிரிக்கா? உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்கிறேன்: சந்தை சிறியது. 2019 டிசம்பரில் எஸ்ஏஏ எனும் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் மீட்பு நடவடிக்கைக்குள் போனது, 2021இல் மேங்கோ விமான நிறுவனம் நின்றது, 2022 ஜூனில் குலுலாவை நடத்திய கொமேர் மூடப்பட்டது. ஃப்ளைசஃபேர், ஏர்லிங்க், செம்ஏர், லிஃப்ட், மீண்டு வந்த எஸ்ஏஏ என்று இன்று பறப்பவற்றில் இடம் கிடைக்க, புது லைசென்ஸ்காரர்கள் அனுபவசாலிகளோடு போட்டியிட வேண்டும். அதனால் இங்கே பலரும் மூன்றாம் நிலைப் பயிற்றுநர் தகுதி எடுத்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி மணி சேர்க்கிறார்கள். இல்லையென்றால் பக்கத்து போட்ஸ்வானாவில் மவுன் நகருக்குப் போய், ஒக்கவாங்கோ சதுப்பு நிலத்துச் சுற்றுலா விடுதிகளுக்குச் சின்ன செஸ்னாக்களில் ஆள் ஏற்றி இறக்குகிறார்கள். நல்ல அனுபவம் அது. மண் ஓடுபாதை, வெயில், ஓடுபாதையில் குறுக்கே வரும் மிருகம் என்று எல்லாமும் கற்றுக்கொடுக்கும்.

எங்கள் தாத்தா தலைமுறைக்கு நிறவெறி ஆட்சியில் விமான நிறுவனத்தின் காக்பிட் கதவே திறக்கவில்லை. இன்று பிள்ளை, கோவிந்தர், மூட்லி என்ற பெயர்ப் பட்டையோடு சீருடை அணிந்து போகிறவர்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சிதான். அந்த மகிழ்ச்சியில் கணக்கை மறந்துவிட வேண்டாம் என்பதற்காகவே இந்தப் படியை முதலில் வைத்திருக்கிறேன்.

படி 2: பணம் கட்டுவதற்கு முன் மருத்துவம்

போக விரும்பும் நாட்டின் முதல் வகுப்பு மருத்துவச் சான்றை, படிக்கும் நாட்டுக்குக் கிளம்பும் முன்பே எடுங்கள். இந்தியாவுக்குத் திரும்பப் போகிறவர் முதலில் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு என்று முடிக்க வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்க மருத்துவத்தில் தேறியது அங்கே செல்லாது.

நாட்டுக்கு நாடு இந்தச் சோதனை எப்போது குறுக்கே வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புச் சான்றோடு தனியாகப் பறக்கத் தொடங்கலாம். கமர்ஷியல் வேலைக்கே இரண்டாம் வகுப்பு போதும். முதல் வகுப்பு, ஏடிபி கட்டத்தில்தான் கட்டாயம். ஆக ஒரு பையன் 250 மணி நேரம் பறந்து முடித்தும், முதல் வகுப்பு மருத்துவரைப் பார்க்காமலே இருக்க முடியும். பிறகு ஊர் திரும்பி நிறக்குருட்டுச் சோதனையில் நின்றால் போட்ட பணம் போனதுதான்.

டர்பன் தமிழ்க் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கமர்ஷியல் பறப்பு ஒரு காலத்தில் எங்குமே கிடையாது. பிரிட்டன் 2012 முதல் கடுமையான நிபந்தனைகளோடு அனுமதிக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 2019இல் முதல், இரண்டாம் வகுப்புகளுக்கும் வழி திறந்தது. எல்லா நாடும் அப்படி இல்லை. இருக்கும் நோயை மறைத்து வைக்காதீர்கள். அதை ஏற்கும் நாடு எது என்று தேடுங்கள்.

படி 3: மணிக்கணக்கைப் பிரித்துப் படியுங்கள்

எல்லாரும் ஒப்பிடுவது மொத்த எண்ணை. பிரைவேட் லைசென்ஸுக்கு ஐகாவோ 40 மணி நேரம் கேட்கிறது. அமெரிக்காவிலும் 40தான், அங்கீகரித்த பாடத்திட்டப் பள்ளியில் 35. தென்னாப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 45. கமர்ஷியலுக்கு ஐகாவோ கணக்கு 200, முழுநேர ஒருங்கிணைந்த பயிற்சியென்றால் 150. இந்தியா, தென்னாப்பிரிக்கா, கனடா 200. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 150, 200 என்று இரு வழியும் உண்டு. அமெரிக்காவில் சாதாரண வழியில் 250, பாடத்திட்டப் பள்ளியில் 190.

இந்த எண்களைப் பார்த்து "அங்கே பத்து மணி நேரம் மிச்சம்" என்று முடிவெடுப்பவர்கள்தான் பின்னால் சிரமப்படுகிறார்கள். மொத்தத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

தனியாகப் பறக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரைவேட் லைசென்ஸுக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் 10 மணி நேரம் கேட்கின்றன, தென்னாப்பிரிக்கா 15. கமர்ஷியல் கட்டத்தில் ஐகாவோ கேட்பது, பொறுப்பு விமானியாக 100 மணி நேரம், அதில் 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் செல்லும் பறப்பு, அதற்குள்ளும் 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், வழியில் இரண்டு வேறு இடங்களில் முழுதாக இறங்கி நின்றிருக்க வேண்டும். அமெரிக்காவும் அந்த 300 மைலைக் கேட்கிறது. கூடவே, இறங்கிய இடங்களில் ஒன்றாவது கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 மைல் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. டர்பன்காரர்கள் கடற்கரையோரமாக முக்கோணம் போட்டு 300 மைலை முடித்துவிடலாம். அது அமெரிக்கக் கணக்குக்குப் போதாமல் போகலாம். இரவுப் பறப்பில் ஐகாவோ பொறுப்பு விமானியாக 5 ஏற்றம், 5 இறக்கம் கேட்கிறது. இந்தியா பத்துப் பத்து. ஐந்தோடு நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால், மீதி ஐந்துக்காக மறுபடி ஒரு பள்ளியில் இரவு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், லாக்புக்கில் "பொறுப்பு விமானி" என்ற கட்டத்தை யார் எப்போது நிரப்பலாம் என்பது. அமெரிக்க விதிப்படி, பிரைவேட் லைசென்ஸ் வாங்கிய ஒருவர் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போதும், கட்டுப்பாட்டுக் கருவி தன் கையில் இருக்கும் நேரத்தைப் பொறுப்பு விமானி நேரமாக எழுதிக்கொள்ளலாம். அதே நிமிடங்கள் பயிற்சி நேரக் கட்டத்திலும் ஏறும். கண்ணை மறைக்கும் ஹூட் போட்டுக்கொண்டு ஒருவர் ஓட்ட, நண்பர் சேஃப்டி பைலட்டாகப் பக்கத்தில் உட்கார்ந்தால், சில ஏற்பாடுகளில் இருவருமே அந்த நேரத்தைப் பொறுப்பு விமானியாக எழுதுகிறார்கள். அங்கே அது சட்டப்படி சரி. தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பயிற்றுநரோடு பறந்தது பயிற்சி நேரம்தான். அமெரிக்க லாக்புக்கில் 130 என்று பெருமையாக நிற்கும் எண், இந்திய அதிகாரி பென்சிலோடு உட்கார்ந்ததும் 100க்குக் கீழே இறங்க வாய்ப்பு உண்டு.

அதனால் எந்த நாட்டில் பறந்தாலும் லாக்புக்கோடு கூட ஒரு தனி அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். தனியாக, பயிற்றுநரோடு, ஹூட் போட்டு, சிமுலேட்டரில், இரவில், ஊர் விட்டு ஊர் என்று பிரித்து எழுதுங்கள். பள்ளியின் முத்திரையும் தலைமைப் பயிற்றுநர் கையெழுத்தும் பக்கம்பக்கமாக வாங்குங்கள். கடைசி நாளில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு பள்ளிக்கு மாறியிருப்பார்.

மணி என்றால் எது மணி என்பதும் ஒரு கேள்வி. ஐகாவோ கணக்கில், புறப்படும் நோக்கத்தோடு விமானம் முதலில் அசைந்ததிலிருந்து கடைசியாக நிற்கும் வரை பறப்பு நேரம். பள்ளி பில் போடுவது கடிகாரம்போல ஓடும் ஹாப்ஸ் மீட்டரிலா டேக்கோ மீட்டரிலா என்று கேளுங்கள். டேக்கோ எஞ்சின் சுழற்சியோடு ஓடுவதால், தரையில் மெதுவாக உருளும்போது மெதுவாகத்தான் நகரும். ஒரே கட்டணம் போலத் தெரியும் இரண்டு பள்ளிகள், வருட முடிவில் ஒரே செலவாக இருப்பதில்லை.

படி 4: தேர்வுகள்

இதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஒவ்வொரு லைசென்ஸுக்கும் ஒரே ஒரு எழுத்துத் தேர்வு, தேர்ச்சி 70 சதவீதம். உண்மையான சோதனை, பறக்கும் முன் தேர்வாளரோடு மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசும் வாய்மொழித் தேர்வுதான். தென்னாப்பிரிக்காவில் சட்டம், வானிலை, வழிகாணல் என்று பாடம் பாடமாக, தேர்ச்சி 75. ஐரோப்பாவில் விமான நிறுவன விமானி லைசென்ஸுக்கான (ஏடிபிஎல்) பாடங்கள் 13, ஒவ்வொன்றிலும் 75. முதல் முயற்சியிலிருந்து 18 மாதத்துக்குள், ஒரு பாடத்துக்கு நான்கு வாய்ப்புக்குள் முடிக்க வேண்டும். இந்தியாவில் வழிகாணல், வானிலை, விதிமுறை, தொழில்நுட்பம் என்று போகிறது, 70 சதவீதம். ரேடியோ சான்று தனி. அந்த ரேடியோ தேர்வு நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய வான்கலச் சட்டம் அதை டிஜிசிஏ பக்கம் கொண்டுவந்தது.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இல்லாதவர்கள் இதையும் பார்க்க வேண்டும். இந்தியா கமர்ஷியல் லைசென்ஸுக்கு அதை நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. அமெரிக்கா கேட்பதில்லை. இங்கே படித்து இந்தியா போக நினைக்கும் டர்பன் பிள்ளைகள் மெட்ரிக்கில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஆங்கிலம்: ஐகாவோ அளவில் நான்காம் நிலை குறைந்தபட்சம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனை, ஐந்தாம் நிலைக்கு ஆறு ஆண்டு, ஆறாம் நிலைக்கு மறுசோதனை இல்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இதைப் பார்த்து மிரள வேண்டாம். இலக்கணத்தை யாரும் திருத்துவதில்லை. கேட்டது புரிந்ததா, எதிர்பாராத ஒன்றைத் தெளிவாகச் சொல்ல முடிகிறதா என்பதே சோதனை.

படி 5: வானத்தின் பழக்கவழக்கங்கள்

நாடு மாறும்போது தடுமாற வைப்பது இதுதான். எந்தப் பள்ளியும் இதை ஒப்பிட்டுக் காட்டாது, ஏனென்றால் அவர்களுக்கு அவர்கள் வானம் மட்டும்தான் தெரியும். நான் இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் நிலம். ஜொஹனஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போ விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேலே 5,558 அடி. பயிற்சி விமானங்கள் பறக்கும் ராண்ட் விமான நிலையம் 5,483 அடி. டர்பனின் வர்ஜீனியா 20 அடி. சென்னை 52 அடி. கோடையில் ராண்டில் வெப்பம் 30 டிகிரி என்று வையுங்கள். அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பம் 4 டிகிரிதான். 26 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி என்று கணக்கிட்டால், விமானம் உணரும் அடர்த்தி உயரம் சுமார் 8,600 அடி. டர்போ இல்லாத செஸ்னா 172இன் எஞ்சின் அங்கே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வலுவை இழந்திருக்கும். புறப்படும் முன்பே எரிபொருள் கலவையைக் குறைக்க வேண்டும். கடல் மட்டத்தில் படித்தவர்கள் கலவைக் குமிழை முழுதாக உள்ளே தள்ளித்தான் பழகியிருப்பார்கள். மேட்டு நிலத்தில் அப்படிச் செய்தால் எஞ்சின் திணறும். இறங்கும்போது மீட்டரில் அதே வேகம்தான் காட்டும், ஆனால் மெல்லிய காற்றில் தரை வேகம் கூடுதல், ஓடுபாதை சீக்கிரம் தீரும். இந்த ஒரு காரணத்துக்காகவே, டர்பனில் படிக்கும் யாரையும் சில வாரங்களாவது மேட்டு நிலத்துக்குப் போய்ப் பறந்துவிட்டு வரச் சொல்வேன்.

வானிலையும் அப்படியே. ஜொஹனஸ்பர்க் பக்கம் கோடை மாதங்களில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய நேரம் தவறாமல் வரும். காலையில் பறந்து மதியத்துக்குள் விமானத்தைக் கட்டிப்போட வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை வானம் கண்ணாடி. கேப் டவுனில் தலைகீழ், குளிர்காலத்தில்தான் மழை, கோடையில் தென்கிழக்குக் காற்று. டர்பனுக்கு மலையிலிருந்து திடீரென்று இறங்கும் சூடான பெர்க் காற்றும் கடல் மூட்டமும். பயிற்சியை எந்த மாதம் தொடங்குவது என்பதைக் கட்டணத் தள்ளுபடி பார்த்து முடிவு செய்யாதீர்கள், இதைப் பார்த்துச் செய்யுங்கள்.

இன்னொன்று, இது எங்கள் ஆட்களுக்கு மட்டும். தைப்பூசக் காவடி இங்கே கடும் வெயிலில் வருகிறது. விரதம் இருக்கும் மாணவர்கள் அந்த நாட்களில் தனியாகப் பறக்காதீர்கள். வெறும் வயிறு, நீர் குறைவு, மூடிய கண்ணாடிக்குள் 35 டிகிரி, மேலே போனால் ஆக்சிஜனும் குறைவு. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், விரதம் முடிந்து பறக்கலாம்.

அடுத்து உயரமானி. அமெரிக்கா, கனடா, ஜப்பான் பாதரச அங்குலத்தில் காற்றழுத்தம் சொல்கின்றன, 29.92 என்று. தென்னாப்பிரிக்கா, இந்தியா, ஐரோப்பாவில் ஹெக்டோபாஸ்கல், 1013. உள்ளூர் அழுத்தத்தை விட்டு எல்லாரும் பொது அழுத்தத்துக்கு மாறும் உயரம் அமெரிக்கா முழுவதும் 18,000 அடி, மனப்பாடம் செய்தால் முடிந்தது. பிரிட்டனில் கட்டுப்பாட்டு வான்பகுதிக்கு வெளியே 3,000 அடி என்று பழகியிருப்பார்கள். அந்த எண்ணை ஜொஹனஸ்பர்க்குக்குக் கொண்டுவந்தால் நிலத்துக்கு அடியில்தான் மாற வேண்டியிருக்கும்! இங்கே விமான நிலையத்துக்கு விமான நிலையம் இது வேறு. வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். விதி ஏன் மாறுகிறது என்று யாராவது சலித்துக்கொண்டால் இந்த ஒரு உதாரணத்தைச் சொல்வேன்.

கோபுரம் இல்லாத ஓடுதளத்தில் எப்படி நுழைவது? தென்னாப்பிரிக்காவில் ஓடுதளத்துக்கு 2,000 அடி மேலே குறுக்கே பறந்து, காற்றுக்குறியைப் பார்த்து, வட்டப் பாதை இல்லாத பக்கத்தில் இறங்கி, 1,000 அடியில் மற்றவர்களோடு சேர வேண்டும். அந்தத் தளத்துக்கெனத் தனி அலைவரிசை இல்லாவிட்டால் 124.8இல் நீங்களே உங்கள் இடத்தையும் எண்ணத்தையும் அறிவித்தபடி போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் அதற்கான எண் 126.7. அமெரிக்காவில் வழக்கம் வேறு, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்ட் பகுதியில் 45 டிகிரிக் கோணத்தில் வந்து சேர்வது. இந்தியாவில் படித்தவர்களுக்கு இது பெரும்பாலும் புது அனுபவம். அங்கே யாராவது ஒருவர் ரேடியோவில் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். முதல்முறை பதிலே வராத வானத்தில் பேசும்போது கூச்சமாக இருக்கும். பேசுங்கள். கேட்பவர் இருக்கிறார், பதில் சொல்லும் கடமைதான் அவருக்கு இல்லை.

பறக்க அனுமதி வாங்குவதிலும் இதே வேறுபாடு. இங்கேயும் அமெரிக்காவிலும், கட்டுப்பாட்டு வான்பகுதிக்கு வெளியே, நல்ல வானிலையில் ஒரு பண்ணை ஓடுதளத்துக்குப் பறப்புத் திட்டம் கொடுக்காமலே போய்வரலாம். கொடுப்பது நல்லது என்பது வேறு. இந்தியாவில் வான் பாதுகாப்பு அனுமதி எண், பறப்புத் தகவல் மைய எண் என்று இரண்டு எண்களும் கையில் இல்லாமல் கிளம்ப முடியாது. இரவிலும் அப்படித்தான். இரவுத் தகுதி வாங்கிய தென்னாப்பிரிக்க விமானி கண்ணால் பார்த்தே இரவில் ஊர் விட்டு ஊர் பறக்கலாம். இந்தியாவில் சூரியன் மறைந்து 20 நிமிடம் கழித்து அந்த வகைப் பறப்பு பொதுவாகக் கூடாது, விமான நிலைய எல்லைக்குள் கட்டுப்பாட்டாளர் விலக்கு அளித்தாலொழிய. இங்கே சுதந்திரமாகப் பழகிய மாணவர் ஊருக்குப் போய் முதல் மாதத்தில் புலம்புவது இதைத்தான். இரண்டு முறையிலும் காரணம் இருக்கிறது, எல்லையும் நெரிசலும் வேறு வேறு.

பேச்சு: ஐகாவோ முறையில் அலைவரிசையை "டெசிமல்" என்று சொல்வோம், அமெரிக்கர்கள் "பாயின்ட்" என்பார்கள். சின்ன விஷயம். ஓடுபாதையில் நின்று காத்திருக்கச் சொல்லும் சொற்றொடர் அமெரிக்காவில் வேறாக இருந்து, 2010 செப்டம்பரில்தான் உலகம் சொல்லும் "லைன் அப் அண்ட் வெய்ட்" வந்தது. "டேக் ஆஃப்" என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு, 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்ததன் படிப்பினை. இதை மனப்பாடப் பகுதியாகப் பார்க்காதீர்கள்.

எரிபொருள் அளவு: செஸ்னாவின் கையேடு அமெரிக்க கேலனில் பேசும், இங்கே பம்ப் லிட்டரில் ஓடும். ஒரு கேலன் 3.785 லிட்டர். 172எஸ் ரகத்தில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர். எடைக் கணக்குக்கு அவ்காஸ் எனும் விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ. 1983இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று பவுண்டையும் கிலோவையும் குழப்பிக்கொண்டு நடுவானில் எரிபொருள் தீர்ந்து சறுக்கியே இறங்கியது. முழங்கால் பலகையில் இந்த மூன்று எண்களையும் எழுதி ஒட்டுங்கள்.

படி 6: பள்ளியைச் சோதிப்பது

தென்னாப்பிரிக்க சிவில் ஏவியேஷன் ஆணையம் மிட்ராண்டில் இருக்கிறது. அதன் 141ஆம் பகுதி விதியின்கீழ் அங்கீகாரம் பெற்ற பள்ளியா, அந்த அங்கீகாரம் இன்று உயிரோடு இருக்கிறதா, நீங்கள் படிக்கப்போகும் குறிப்பிட்ட பயிற்சிக்கு அது பொருந்துகிறதா என்று ஆணையத்திடமே கேளுங்கள். பள்ளி சுவரில் மாட்டியிருக்கும் சான்றைப் படம் பிடித்து அனுப்பினால் போதாது.

பிறகு இவற்றைக் கேளுங்கள்: எத்தனை விமானங்கள் சொந்தம் என்றல்ல, இன்று பறக்கும் நிலையில் எத்தனை? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? போன வருடம் சேர்ந்தவர்கள் எத்தனை மாதத்தில் முடித்தார்கள், அவர்களில் இரண்டு பேரோடு பேச முடியுமா? சொன்ன கட்டணத்தில் 15 சதவீத வாட் அடக்கமா? இறங்கும் கட்டணம், தேர்வாளர் கட்டணம், எரிபொருள் விலை ஏறினால் யார் தாங்குவது? எழுத்தில் பதில் தராத பள்ளியை விட்டுவிடுங்கள்.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னால் வேண்டாம் என்பேன், எத்தனை தள்ளுபடி தந்தாலும். பயிற்சிப் பள்ளிகள் உலகம் முழுக்கத் திடீரென்று மூடுகின்றன. வரிசையில் கடைசியில் நிற்பது முன்பணம் கட்டிய மாணவர்தான். பத்துப் பத்து மணி நேரமாகக் கட்டுங்கள். இந்த நாட்டு நாணயமான ராண்டின் மதிப்பும் ஆடிக்கொண்டே இருக்கும், ஆகையால் ரூபாயில் போட்ட திட்டத்துக்கு மேல் கொஞ்சம் கையிருப்பு வேண்டும்.

அத்தை வீட்டில் தங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. ஆனால் சாட்ஸ்வர்த்திலிருந்து விடியற்காலையில் வர்ஜீனியாவுக்கு வந்து சேர வண்டி யார் ஓட்டுவது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பறக்க நல்ல நேரம் காலை ஆறு மணி. உறவினர் எழுந்திருக்கும் நேரம் வேறு. படிப்பு விசாவை ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

படி 7: லைசென்ஸை மாற்றும் வரிசை

அமெரிக்கா போய்ச் சொந்தச் செலவில் சுற்றிப் பறக்க மட்டும் ஆசையென்றால் எளிது. உங்கள் நாட்டு லைசென்ஸை எஃப்ஏஏ சரிபார்த்து, அதன் அடிப்படையில் பிரைவேட் சான்று ஒன்று கொடுக்கும். அங்கே ஒரு பயிற்றுநரோடு பறப்பு மறுஆய்வு செய்துவிட்டுப் பறக்கலாம். அது சம்பளத்துக்கு உதவாது. ஐரோப்பாவில் விமான நிறுவன வேலைக்கு வெளிநாட்டு லைசென்ஸோடு போனால் அந்த 13 பாடத்தையும் எழுத வேண்டும். பிரிட்டன் 2020 முடிவில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து பிரிந்துவிட்டதால் அது தனி லைசென்ஸ், தனிச் செலவு.

தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா போகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: இந்திய முதல் வகுப்பு மருத்துவம் முதலில், படி 2இல் சொன்னதுபோல. அடுத்து டிஜிசிஏ இணையதளத்தில் தேர்வுக்குப் பதிவு செய்து கணினி எண் வாங்குவது. வெளிநாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வழிகாணலையும் வானிலையையும் சேர்த்த ஒரே தாள் உண்டு, விதிமுறைத் தாள் தனியாக. இவற்றை இங்கே பறந்துகொண்டிருக்கும்போதே படியுங்கள். பறந்து முடித்து ஊருக்குப் போய்ப் படிக்கலாம் என்பவர்கள் சும்மா உட்கார்ந்தே மாதங்களை இழக்கிறார்கள். உங்கள் லைசென்ஸ் உண்மையானது என்று தென்னாப்பிரிக்க ஆணையம் நேராக டிஜிசிஏவுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்து நடக்கும் வேகம் உங்கள் கையில் இல்லை, எனவே லைசென்ஸ் கையில் கிடைத்த வாரமே விண்ணப்பியுங்கள்.

பொறுப்பு விமானியாகப் பறந்த 100 மணி நேரத்தில் 15 மணி நேரமாவது விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று இந்தியா கேட்கிறது. தேர்வு முடிவும் சரிபார்ப்புக் கடிதமும் தாமதமாகி அந்த ஆறு மாதம் கடந்துவிட்டால், அங்கே ஒரு பயிற்சி நிறுவனத்தில் மறுபடி மணிக்குப் பணம் கட்டிப் பறக்க வேண்டும். ஆகவே அந்த 15 மணி நேரத்தை இங்கே அவசரமாகப் பறந்து தீர்க்காமல், எழுத்துத் தாள்கள் தேறிய பிறகுக்கு ஒதுக்கி வையுங்கள். இந்தியாவில் நடக்கும் செயல்திறன் சோதனைக்கும் அதற்கு முன் அந்த ஊர் விமானத்தைப் பழகிக்கொள்ளும் நேரத்துக்கும் ஆகும் செலவைத் தொடக்கப் பட்ஜெட்டிலேயே தனி வரியாக எழுதிவிடுங்கள்.